88 மார்க்குன்றான், ஸ்டீம்ல திட்டுறான்: கேம் ரிவ்யூல எத நம்புறது?

கொருக்குப்பேட்டைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு:

"அண்ணா, ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒண்ண புடிச்சி ஒரு பிசி அசெம்பிள் பண்ணிட்டேன். ஒரு புது கேம் மேல கண்ணு, வெல நாலாயிரத்துக்கு பக்கம். எல்லா ரிவ்யூ மார்க்கயும் சேத்து காட்டுற மெட்டாக்ரிட்டிக் சைட்ல நூத்துக்கு 88 இருக்கு, கேம் விக்கிற ஸ்டீம்ல பாத்தா மிக்ஸ்டுன்னு காட்டுது, கன்னாபின்னான்னு திட்டி வச்சிருக்கானுங்க. இந்த ரிவ்யூ பண்றவங்க துட்டு வாங்கிகினு மார்க் போடறாங்களா? யாரத்தான் நம்புறது? என் தம்பியோட ஒரே டிவில சேந்து ஆடலாமான்னு எந்த ரிவ்யூலயும் காணோம், அதுவும் சொல்லுங்க."

தம்பி, ரெண்டு பக்கமும் பொய் சொல்லல. 88 போட்டவங்க ஒரு மெஷின்ல ஆடியிருப்பாங்க, திட்டுறவங்க வேற மெஷின்ல ஆடுறாங்க, பெரும்பாலும் கத இதுதான், ஆனா அந்த நம்பர மட்டும் பாத்தா இது எதுவுமே தெரியாது.

மொதல்ல வேல எப்டி நடக்குதுன்னு சொல்லிடறேன், நானும் கொஞ்ச வருஷமா இதத்தான் பண்ணிகினு இருக்கேன். ரிலீசுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி கம்பெனில இருந்து மெயில் வரும், அதுல ரிவ்யூ கோடு, அதாவது கேம ஓசில தொறக்கற நம்பர், கூடவே எம்பார்கோ, அதாவது இன்ன தேதி இன்ன மணிக்கு முன்னாடி வாய தொறக்க கூடாதுன்னு கண்டிஷன். சில மெயில் நீளமா போகும், மூணாவது சாப்டருக்கு மேல வீடியோ காட்டாத, இந்த கேரக்டர் செத்துட்டான்னு எழுதாத, கடைசி பாஸ் பேரு வரக்கூடாது, அப்புறம் கீழ ஒரு வரி, "மொத நாள் பேட்ச் வருது, உங்களுக்கு தெரியிற பிரச்சனையெல்லாம் அதுல சரியாயிடும்". (பேட்ச்னா கோளாற சரி பண்ற அப்டேட்.) இந்த வரிதான் பேஜாரு. சரியாயிடும்னு நம்பி மார்க்க கொறைக்காம வுடுறதா, இன்னிக்கு கண்ணு முன்னாடி ஆடுறத வச்சி போடுறதா? அவனவன் ஒரு மாதிரி முடிவெடுப்பான், அத ரிவ்யூல சொல்றவனும் இருக்கான் சொல்லாதவனும் இருக்கான்.

டைமும் பத்தாது. நீ ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரி ஆடப்போற 50 மணி நேர கேம அவன் அஞ்சாறு நாள்ல முடிச்சிட்டு எழுதணும், அதனால உனக்கு நிதானமா ஆடுனா ஜாலியா இருக்கற சைடு மிஷன் அவனுக்கு எரிச்சலா தெரியும். 2023ல பால்டர்ஸ் கேட் 3 வந்தப்ப கோடு கடைசி நேரத்துல கெடச்சதால நெறைய பேரு மார்க் போடாம "இன்னும் ஆடிகினு இருக்கோம்"னு பாதி ரிவ்யூ போட்டாங்க, அது நேர்மையான வேல.

சரி, மெஷின் விஷயத்துக்கு வரேன், உன் கேள்விக்கு பதிலே இங்கதான் கீது. சைபர்பங்க் 2077, 2020 டிசம்பர் 10 ரிலீசு. அதுக்கு முன்னாடி ரிவ்யூக்கு குடுத்தது பிசி கோடு மட்டும்தான், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு குடுக்கவே இல்ல, சொந்தமா ரெக்கார்ட் பண்ண வீடியோவயும் ரிலீசுக்கு முன்னாடி காட்ட வுடல. நல்ல பிசில ஆடினவங்க அள்ளி போட்டாங்க, அத நம்பி பிஎஸ்4 வச்சிருந்தவன் துட்டு கட்டிட்டு உக்காந்தான், அவனுக்கு கெடச்சது ஒழுங்கா லோடு ஆவாத மூஞ்சிங்களும் அடிக்கடி கிராஷ் ஆவுற கேமும். இன்னிக்கும் மெட்டாக்ரிட்டிக்ல பிசிக்கு 86, பிஎஸ்4க்கு 57, ஒரே கேமுதான். சோனி ஒரே வாரத்துல தன் ஸ்டோர்ல இருந்தே தூக்கிட்டான், திரும்பி வந்தது 2021 ஜூன்ல.

உனக்கு இன்னும் கிட்ட இருக்கற கேசு தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1. 2022ல பிஎஸ்5ல வந்தப்ப அதுக்கும் 88தான். 2023 மார்ச்ல அதே கேம் பிசிக்கு வந்துச்சு, ஸ்டீம்ல எடுத்த எடுப்புலயே மோஸ்ட்லி நெகட்டிவ். கத அதே கத, நடிப்பு அதே நடிப்பு, ஆனா மொத தடவ தொறந்தா ஷேடர், அதாவது படம் வரையற சின்ன புரோகிராமுங்க, பில்ட் ஆவறதுக்கே சில பேருக்கு ஒரு மணி நேரம் போச்சு, அதுக்கப்புறம் 8 ஜிபி கார்டு வச்சிருந்தவனுக்கு மெமரி பத்தாம செவுரு தரையெல்லாம் மங்கலா தெரிஞ்சிது. பேட்ச் மேல பேட்ச் போட்டுதான் தேத்துனாங்க. உன் கார்டும் 8 ஜிபி, அதனால மெட்டாக்ரிட்டிக்ல பிளாட்ஃபார்ம பிசின்னு மாத்திட்டு மார்க் பாரு, தனித்தனியா காட்டும், அப்புறம் ரிவ்யூவுல எந்த கார்டுல ஆடினேன்னு ஒரு வரி இருக்கும் அத தேடு. லட்ச ரூபா கார்டுல ஆடினவன் ஸ்மூத்தா போச்சுன்னா அது உனக்கு சேதியே இல்ல. டிஜிட்டல் ஃபவுண்ட்ரி மாதிரி ஆளுங்க ஃபிரேம் ரேட்ட, அதாவது செகண்டுக்கு எத்தன படம் வருதுன்னு அளந்தே காட்டுவாங்க, நாலாயிரம் போடறதுக்கு முன்னாடி அந்த வீடியோவ பாத்துடு.

இப்ப அந்த 88 எங்கேந்து வருது? மெட்டாக்ரிட்டிக் 2001ல இருந்து பண்றது எல்லார் மார்க்கயும் நூத்துக்கு மாத்தி சராசரி எடுக்குறது. அஞ்சுக்கு நாலு ஸ்டார்னா 80, பி மைனஸ் கிரேடுன்னா 67, மார்க்கே போடாதவங்க கணக்குல வரமாட்டாங்க. சில பத்திரிகைக்கு வெயிட் ஜாஸ்தி குடுப்பாங்க, யாருக்கு எவ்ளோன்னு வெளிய சொல்ல மாட்டாங்க. இதே வேல பண்ற ஓப்பன்கிரிட்டிக் சைட்ல அந்த வெயிட் கெடயாது. நம்ம பக்கம் பாக்ஸிங் பாத்தவனுக்கு தெரியும், ரிங்க சுத்தி ஜட்ஜுங்க ஆளுக்கொரு பக்கம் உக்காருவாங்க, ஒருத்தன் பாத்த குத்து எதிர்ல உக்காந்தவனுக்கு வெறும் முதுகு. எல்லாரும் 8 குடுத்தாலும் 80, பாதி பேரு 10 மீதி பேரு 6 குடுத்தாலும் 80, ஆனா அது ரெண்டும் ஒரே மாதிரி கேமே இல்ல. ரெண்டாவது ரகம் உனக்கு ஒண்ணு உசுரா புடிக்கும் இல்ல அறவே புடிக்காது, எனக்கு அதுதான் வேணும், உனக்கு எப்டின்னு நீதான் பாத்துக்கணும். ஜப்பான்ல ஃபமிட்சு பத்திரிகை நாலு பேரு மார்க்க தனித்தனியா போட்டு 40க்கு காட்டும், அது தேவல.

பத்துக்கு 7ன்னா ஏன் சுமார்னு நெனைக்கிறோம்னா, ஸ்டீம்ல வருஷத்துக்கு பத்தாயிரத்துக்கும் மேல கேம் வருது, பத்திரிகைக்காரன் ரிவ்யூக்கு எடுக்கறது அதுல பேர் தெரிஞ்ச கொஞ்சம்தான், படு மொக்க கேமெல்லாம் அவன் மேசைக்கே வராது, அப்ப 3, 4 யாருக்கு போடுவான்? 84க்கும் 88க்கும் நடுவுல ஆடுறவனுக்கு ஒரு வித்தியாசமும் கெடயாது, கம்பெனிக்குதான் உண்டு. 2010ல வந்த ஃபால்அவுட் நியூ வேகாஸ் 85 எடுத்தா அத செஞ்ச அப்சிடியன் கம்பெனிக்கு போனஸ்னு பேச்சு, வந்தது 84, போனஸ் போச்சு. அந்த கேம இன்னிக்கும் ஜனங்க கொண்டாடுறாங்க.

துட்டு கேட்டல்ல. கவர்ல வச்சி குடுக்கறதெல்லாம் பெரும்பாலும் நடக்காது, அழுத்தம் வேற ரூட்ல வரும். 2007ல கேம்ஸ்பாட்ங்கற ரிவ்யூ சைட்ல ஜெஃப் கெர்ஸ்ட்மன்னு ஒருத்தர் கேன் அண்ட் லிஞ்ச் கேமுக்கு பத்துக்கு 6 போட்டாரு, அந்த நேரம் சைட்டு பூரா அதே கேம் விளம்பரம், ஆள வேலய வுட்டு தூக்கிட்டாங்க, மார்க் மேல கம்பெனிகாரங்க குடுத்த நெருக்கடி பத்தி அவர் வாய தொறந்து சொல்ல 2012 ஆச்சு. இப்பல்லாம் விளம்பரத்த விட கோடுதான் ஆயுதம், திட்டுனா அடுத்த கேமுக்கு மெயில் வராது, சின்ன யூட்யூபருக்கு அந்த பயம் இன்னும் ஜாஸ்தி. அதனால எம்பார்கோ தேதிய பாரு. ரிலீசுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே ரிவ்யூ வுட்டா கம்பெனிக்கு தைரியம் இருக்குன்னு எடுத்துக்கலாம், ரிலீஸ் ஆவுற நிமிஷம் வரைக்கும் கட்டி வச்சிருந்தா கொஞ்சம் உஷாரு.

அதுக்குன்னு ஜனங்க சொல்றதெல்லாம் சத்தியவாக்குன்னும் எடுத்துக்காத. 2020ல தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்த அன்னிக்கே மெட்டாக்ரிட்டிக்ல யூசர் மார்க் பத்துக்கு நாலு கூட தேறல, அந்த கேம முடிக்கவே இருவது மணி நேரத்துக்கு மேல ஆவும், எப்ப ஆடி எப்ப போட்டான்? அடுத்த மாசமே ரிலீசுல இருந்து 36 மணி நேரம் வரைக்கும் யூசர் ரிவ்யூவ மூடி வச்சாங்க. ஸ்டீம் பரவால்ல, வாங்குனவன்தான் எழுத முடியும், எத்தன மணி நேரம் ஆடிட்டு எழுதுனான்னு பக்கத்துலயே காட்டும். மிக்ஸ்டுன்னா நூத்துல 40ல இருந்து 69 பேரு வரைக்கும் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கான்னு அர்த்தம், கேவலம்னு அர்த்தம் கெடயாது. நீ பாக்க வேண்டியது 'ரீசண்ட்'னு இருக்கற கடைசி 30 நாள் கணக்கு, பத்து மணி நேரம் ஆடிட்டு திட்டுறவன் இன்னாத்துக்கு திட்டுறான்னு. கிராஷு, திக்கி திக்கி ஓடுற ஸ்டட்டர்னா உன் பிசிக்கும் வரலாம், ஹீரோ முடிவ மாத்திட்டான்னு கத்துனா அது அவன் பஞ்சாயத்து.

இன்னொண்ணு, ரிவ்யூ பண்றவனுக்கு கேம் ஓசி. நாலாயிரம் ரூவா வலி மார்க்ல இருக்காது. கேமுக்குள்ளயே இருக்கற கடைல பின்னால துட்டு புடுங்க ஆரம்பிச்சாலும் அது மார்க்ல இருக்காது, 2019 ஜூன்ல வந்த கிராஷ் டீம் ரேசிங்ல ரிவ்யூவெல்லாம் முடிஞ்சி ஆகஸ்ட்லதான் நெசத் துட்டுக்கு காயின் விக்க ஆரம்பிச்சாங்க, மார்க் மாறவே இல்ல. நம்மூரு பிங், அதாவது சர்வருக்கு போயி வர்ற நேரம், எவ்ளோன்னும் எவனும் எழுத மாட்டான், ஆன்லைன் கேம்னா மும்பை இல்ல சிங்கப்பூர்ல சர்வர் இருக்கான்னு நீயே பாத்துக்கணும், சென்னைல இருந்து சிங்கப்பூருக்கு கடலுக்கடில நேரா கேபிள் போறதால அதுவும் நமக்கு சரிப்படும்.

உன் கேஸ்ல நான் பண்ணா இப்டிதான் பண்ணுவேன்: பிசி மார்க் தனியா பாப்பேன், 6 குடுத்தவன் எழுதுனத மொதல்ல படிப்பேன், அவன் சொல்ற கொற எனக்கு கொறையாவே தெரியலன்னா கண்ண மூடிகினு வாங்கலாம். ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மியா ஆடியிருந்தா துட்டு திரும்ப வாங்கலாம், மெனுவ தொறந்து வச்சிட்டு சாப்பிட போனாலும் அது கணக்குல ஏறும், உஷாரு.

தம்பியோட ஆடுறதுக்கு ஸ்டீம்ல அந்த கேமோட பேஜ்ல வலது ஓரமா பாரு, ஷேர்டு ஆர் ஸ்ப்ளிட் ஸ்கிரீன்னு இருந்தா ஒரே டிவில ஆடலாம், ஆன்லைன் கோ-ஆப்னு (நெட்டு வழியா சேந்து ஆடறது) மட்டும் இருந்தா பெரும்பாலும் ரெண்டு மெஷின், ரெண்டு காப்பி. ஸ்ப்ளிட் ஸ்கிரீன் இருந்தாலும் ரெண்டு பேருக்கு வரையும்போது உன் கார்டு தெணறும், ரிவ்யூ பண்றவன் தனியாளா ஆடிட்டு எழுதுனதால அத சொல்லியிருக்க மாட்டான். ரெண்டாவது கண்ட்ரோலர முன்னாடியே எவன்கிட்டயாச்சும் கடன் வாங்கி வச்சிகினு, அந்த ரெண்டு மணி நேரத்துல தம்பிய பக்கத்துல உக்கார வச்சே டெஸ்ட் பண்ணிடு.