வேப் வாங்கியும் நாலு சிகரெட் மட்டும் போகமாட்டேன் என்கிறது

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன், வயது 43. இருபது வருடமாக ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட். மூன்று மாதம் முன்பு வேப் (மின் சிகரெட்) வாங்கினேன். சிகரெட் நாலாகக் குறைந்தது, அதோடு நின்றுவிட்டது. காலைக் காபியோடு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரவு ஷிப்டில் இரண்டு. வேப் இழுத்தால் இருமல் வருகிறது, திருப்தியும் இல்லை. "ரெண்டையும் இழுக்கிறதுக்குப் பழையபடி சிகரெட்டே பிடிங்க" என்கிறார் மனைவி. ஜனவரியில் ஒரு மாதம் சென்னை போகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வேப் பாட்டிலில் போட்டிருக்கும் எண்ணைத் தவிர. மருந்துக் கடையில் என்னிடம் வந்து "வேப் எனக்கு ஒத்துவரலை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். பெரும்பாலும் 3 அல்லது 6 என்று இருக்கும். ஒரு மில்லி லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் நிகோட்டின் என்று அர்த்தம். கைக்குள் அடங்கும் சின்ன பாட் கருவியில் 3 ஊற்றி இழுத்தால், பதினைந்து சிகரெட்டுக்குப் பழகிய உடம்புக்கு அது வெறும் வாசனைக் காற்றுதான். மீதி நிகோட்டினுக்கு உடம்பு வேறு வழி பார்க்கும். உங்கள் நாலு சிகரெட்டும் அந்த வழிதான்.

கடைக்காரர் மாம்பழமா மின்ட்டா என்று கேட்டிருப்பார். தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்டிருக்க மாட்டார். அரை மணிக்குள் என்றால் நிகோட்டின் பழக்கம் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர் 3-லிருந்து தொடங்கக் கூடாது, 18 அல்லது 20-லிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டனில் 20-தான் சட்டப்படி உச்ச வரம்பு. "குறைந்த நிகோட்டின் உடம்புக்கு நல்லதுதானே" என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நிகோட்டின் சத்து மாத்திரை இல்லை, அடிமையாக்கும். ஆனால் புற்றுநோயையும் நுரையீரல் நாசத்தையும் கொண்டு வருவது எரிகிற புகையிலையிலிருந்து வரும் புகைதான். அந்தப் புகையை விடுவதற்காகக் கொஞ்ச காலம் நிகோட்டினை முழு அளவில் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. குறைப்பதை எல்லாம் சிகரெட் போய்ச் சில மாதங்கள் ஆன பிறகு யோசிக்கலாம்.

வாங்கும்போது "நிக் சால்ட்" என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண நிகோட்டின் திரவம் 18, 20 அளவில் தொண்டையை அறுக்கும். சால்ட் வகையில் லேசாக அமிலம் சேர்ந்திருப்பதால் அந்த எரிச்சல் குறைவு.

அடுத்தது இழுக்கும் முறை. சிகரெட் பழகியவர்கள் வேப்பையும் வெடுக்கென்று இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் திரவம் ஆவியாவதற்குள் மேலே ஏறி நாக்கில் படும், உள்ளே குளுகுளு என்று சத்தம் கேட்கும், பிறகு இருமல்தான். நிதானமாக, மூன்று நான்கு விநாடி, முதலில் வாய்க்குள் இழுத்து நிறுத்திவிட்டுப் பிறகு மெதுவாக உள்ளே விடுங்கள். சிகரெட்டைவிட வேப்பில் நிகோட்டின் ரத்தத்தில் ஏறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இரண்டு இழுப்பில் வைத்துவிட்டு "ஒண்ணுமே ஏறலை" என்றால் எப்படி? ஐந்து நிமிடம் உட்கார்ந்து இழுங்கள். கருகல் வாடை வந்தால் காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) சூட்டில் பஞ்சு காய்ந்திருக்கிறது. புதுக் காயில் போட்டதும் திரவம் ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள், பஞ்சு நன்றாக ஊறட்டும். பலர் அந்தப் பத்து நிமிடம் பொறுக்காமல் முதல் இழுப்பிலேயே காயிலைக் கருக்கிவிட்டு, கருவி மட்டம் என்று சிகரெட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். காயில் ஓரிரு வாரம்தான் ஓடும், மாற்றியே ஆக வேண்டும்.

திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் தொண்டையை உலர்த்தும், அதனாலும் இருமல் வரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். தொண்டை பழகியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால், அல்லது சளியில் ரத்தம் தெரிந்தால், வேப்பைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) போங்கள். இருபது வருடம் புகைத்தவர் நீங்கள்.

இப்போது மனைவி சொன்னது. முடிவு தப்பு, ஆனால் அவருடைய எரிச்சலில் நியாயம் இருக்கிறது. பதினைந்தை நாலாக்கினால் ஆபத்தும் கால்வாசியாகிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் கணக்குப் போடுவோம். இதயம் அந்தக் கணக்கில் வராது. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்வது இதுதான்: இருபது சிகரெட் பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்டப் பாதி ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது. மாரடைப்பு நம் ஆட்களைச் சின்ன வயதிலேயே பிடிக்கிறது என்பது தெரிந்ததுதான். ஆகவே "நாலுதானே" என்ற பேச்சே வேண்டாம். சிகரெட் பூஜ்யம் ஆக வேண்டும். வேப் அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் இழுங்கள், எண்ண வேண்டாம்.

ஒவ்வொரு சிகரெட்டாகக் குறைக்கிறேன் என்று இழுக்காமல், வேலையில்லாத ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்றைக்கு நாலையும் சேர்த்து நிறுத்துங்கள். லைட்டரும் வீட்டில் இருக்கக் கூடாது. காலை சிகரெட்தான் கஷ்டமானது, ராத்திரி முழுக்க நிகோட்டின் இறங்கிக் கிடக்கும். அதற்கு 24 மணி நேர நிகோட்டின் ஒட்டு (தோலில் ஒட்டும் பேட்ச்) போட்டுக்கொண்டு தூங்குங்கள். ஒட்டும் வேப்பும் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று என்னிடம் பயந்து பயந்து கேட்பார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். இரவு ஷிப்டில் உங்கள் உண்மையான சிக்கல் நிகோட்டின்கூட இல்லை, வெளியே நின்று தம் அடிக்கும் நண்பர்கள். வேப்பை எடுத்துக்கொண்டு அவர்களோடேயே போய் நிற்காதீர்கள், முதல் இரண்டு வாரமாவது வேறு பக்கம் போங்கள்.

காபியையும் பாதியாக்குங்கள். சிகரெட் புகை கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட்டுக் காஃபினைச் சீக்கிரம் வெளியேற்றும். புகை நின்றதும் அது நிற்கும், அதே அளவு காஃபின் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அப்போது வரும், பழியை வேப் மேல் போடுவோம். (மனநோய்க்கான குளோசபைன், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுபவர்கள் சிகரெட்டை விடும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதே காரணம்தான்.)

அப்புறம் நீங்கள் எழுதாத, ஆனால் நான் கேட்க வேண்டிய ஒன்று: வேப்பை எங்கே வாங்கினீர்கள்? "தெரிஞ்ச பையன்" என்றால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். நம் ஆட்களிடம் இது பெரிய வியாதி. வாட்சாப்பில் படம் வரும், "துபாய் மால் அண்ணா, ரெண்டு பவுண்டு குறைச்சு" என்று ஒருவர் காரில் கொண்டு வந்து கொடுப்பார். பெட்டியில் 50 என்றோ 5% என்றோ இருக்கும். இங்கே அனுமதித்த அளவைப் போல இரண்டரை மடங்கு. இன்னொருவர் மூலைக்கடை கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை வீசும் வேப்புகளை விற்பதே பிரிட்டனில் குற்றம். அதற்கென்ன, பேருக்கு ஒரு சார்ஜ் துளையை வைத்து, திரும்ப நிரப்ப வழியே இல்லாத ஒன்றை "இது ரீசார்ஜபிள்" என்று விற்பார்கள். சார்ஜ் ஏற்றலாம், எதை நிரப்புவீர்கள்? தொட்டி 2 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, நிகோட்டின் கலந்த பாட்டில் 10 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, நிகோட்டின் அடிமையாக்கும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எம்எச்ஆர்ஏ என்ற பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. 2019-ல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் போனது என்று செய்தி வந்ததே, அதில் பெரும்பாலும் கஞ்சாச் சாறு நிரப்பிய கள்ளச் சரக்கும் அதில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டும்தான் காரணம். உங்கள் மனைவி வாட்சாப்பில் ஏதாவது வீடியோ பார்த்திருந்தால் அதுவும் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு, "புகைப்பழக்கம் ஒரே நாளில் நிற்கும்" என்று மூலிகைப் பொடி விற்பவர்கள். அவர்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்கவில்லை.

சரியான உதவி உங்கள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) புகை நிறுத்தும் சேவையில் கிடைக்கும், இலவசம். 2019-ல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில் வேப் கொடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். ஒட்டு, சூயிங்கம் போன்றவை கொடுத்தவர்களில் 9.9 சதவீதம். இரண்டு கூட்டத்துக்கும் வாராவாரம் நேரில் உட்கார்ந்து பேச ஆள் இருந்தது என்பதைச் செய்தித்தாள்கள் விட்டுவிட்டன. ஆள் இல்லாமல் கருவியை மட்டும் கையில் கொடுத்தால் அந்த 18 வருமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அந்த ஆளைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு கவுன்சிலில் இலவச வேப் பெட்டி உண்டு, தெரு தாண்டினால் அடுத்த கவுன்சிலில் இல்லை. போன் பண்ணினால் படிவம், படிவம் போட்டால் காத்திரு. சிகரெட் வாங்க இத்தனை படிவம் இல்லை. 2023-ல் பத்து லட்சம் பேருக்கு இலவச வேப் என்று அறிவித்த நாட்டில் 2026 அக்டோபர் முதல் 10 மில்லி திரவத்துக்கு 2.20 பவுண்டு வரி. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். இருந்தாலும் போன் பண்ணுங்கள். அங்கே ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள், மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு அளவு எண்ணாக வரும். வேப் மட்டும் இழுப்பவருக்கு அது ஏறாது, நாலு சிகரெட்காரருக்கு ஏறும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கடைசியாகச் சென்னைப் பயணம். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒழுங்காக விட்டவர்கள் பலர் ஊருக்குப் போன ஒரு மாதத்தில்தான் வழுக்குகிறார்கள். இந்தியாவில் 2019 முதல் மின் சிகரெட்டுக்கு முழுத் தடை. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். இறக்குமதிக்கும் விற்பனைக்கும் முதல் தடவை ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். "சொந்த உபயோகத்துக்குத்தானே, இழுப்பது குற்றம் என்று சட்டத்தில் இல்லையே" என்று ஒரு மைத்துனர் கட்டாயம் சொல்வார். இழுப்பது என்ற சொல் அதில் இல்லைதான். ஆனால் பையில் வைத்து விமானத்தில் கொண்டு போய் இறக்குவதற்குப் பெயர் இறக்குமதி. சுங்கத்தில் நின்று சட்டம் பேசப் போகிறீர்களா? செக்-இன் பெட்டியில் போட்டு அனுப்புவது அதைவிட மோசம், பேட்டரி இருப்பதால் அதை விமான நிறுவனங்களே ஏற்பதில்லை. அங்கேயே ரகசியமாகக் கிடைக்கும் என்பார்கள். அது மேலே சொன்ன துபாய்ச் சரக்கேதான், விலை மட்டும் கூட. வழியில் சிங்கப்பூரில் தங்கிப் போகும் எண்ணம் இருந்தாலும் கருவி கூடாது, அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். டீக்கடைக்கு டீக்கடை சில்லறையாக சிகரெட் தொங்கும் ஊரில் இதற்கு மட்டும் ஏன் தடை என்று கேட்காதீர்கள், எனக்கும் விளங்கவில்லை.

ஆகவே வேப்பை ஹாரோ வீட்டிலேயே வைத்துவிட்டு, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒட்டுக்கு மாறுங்கள். ஒரு மாதத்துக்குத் தேவையானதை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். சென்னை வியர்வையில் ஒட்டு கழன்று வரும். குளித்துத் துடைத்துத் தோல் நன்றாகக் காய்ந்த பிறகு, முடியில்லாத மேல்கையில் பத்து விநாடி அழுத்திப் பிடித்து ஒட்டுங்கள், தினமும் இடம் மாற்றுங்கள். திடீரென்று ஆசை வந்தால் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம், அது சென்னை மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும். சும்மா மென்று துப்பும் பபிள்கம் மாதிரி மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று கன்னத்தில் ஒதுக்குங்கள், காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். காபி குடித்த வாயோடு போட்டால் நிகோட்டின் சரியாக ஏறாது, கால் மணி விட்டுப் போடுங்கள். ஜனவரி என்றால் கல்யாண சீசனும் சேர்ந்துகொள்ளும், மண்டப வாசலில் ஒரு கூட்டம் பாக்கெட்டை நீட்டும். சட்டைப் பையில் அந்தச் சூயிங்கம் அட்டை இருக்கட்டும்.