வீட்டில் புறா இல்லை, நுரையீரலில் அழற்சி எப்படி வந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. ஏழு மாதமாக வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் பரவலான அழற்சி. புகைப்பழக்கம் இல்லை, பறவை வளர்க்கவில்லை. 200 பொருள்களுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை எடுத்தால் காரணம் தெரிந்துவிடும் என்கிறார் லேப் ஆள். எடுக்கலாமா? அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவதால் இரண்டு வருடமாக இரவில் ஒரு நைட்ரோஃபுரான்டாயின் போடுகிறார், வேறு மருந்து இல்லை.

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் மேல் தப்பில்லை, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சிறுநீருக்கு ஒரு டாக்டர், நுரையீரலுக்கு ஒரு டாக்டர், இருவருக்கும் நடுவில் ஒரு துண்டுச்சீட்டுகூடப் போவதில்லை.

இந்த மாத்திரையை மாதக்கணக்கில் போடும் சிலருக்கு, ஆறு மாதம் கழித்தோ வருடங்கள் கழித்தோ, இப்படித்தான் சத்தமில்லாமல் நுரையீரல் அழற்சி வருகிறது. தொடங்கிய சில நாள்களிலேயே காய்ச்சலோடு வருவது வேறு வகை, அது சீக்கிரம் பிடிபட்டுவிடும். அம்மாவுக்கு இதுதான் என்று நான் இங்கிருந்து முடிவு சொல்ல முடியாது, ஆனால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். இன்றே எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசி நிறுத்துங்கள். தொற்றைத் தடுக்க வேறு வழிகள் உண்டு.

அந்த 200 பொருள் பரிசோதனை வேண்டாம். அது தும்மல், தடிப்பு மாதிரியான ஒவ்வாமைக்கானது, இந்த அழற்சி அந்த வழியில் வருவதே இல்லை. புறா, கிளியின் எச்சம், இறகுத் தூசியை மூச்சில் இழுப்பதாலும் இப்படி அழற்சி வரலாம். அதற்கென்று தனியாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையும், 'பாசிட்டிவ்' என்று வந்தால், உடம்பு அந்தத் தூசியைச் சந்தித்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பத்துப் பக்க ரிப்போர்ட்டில் நாலு சிவப்பு வரி இருக்கும், அதைக் காட்டி அடுத்த பரிசோதனை, அப்புறம் 'நுரையீரலைச் சுத்தம் செய்யும்' பொடி ஒன்று. லேப் ஆளுக்குக் கமிஷன், உங்களுக்கு இன்னொரு மாதம் வீண். அந்த மாதம் முழுக்க மாத்திரையும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்!

இதைப் படித்துவிட்டு வேறு யாராவது இதய மாத்திரையை நிறுத்திவிடப் போகிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். படபடப்புக்குக் கொடுக்கும் அமியோடரோனும் நுரையீரலைக் கெடுக்கலாம். ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினாலும் மருந்து உடம்பில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடத் தங்கும், அதனால் அன்றே நிறுத்தி ஆதாயம் குறைவு. அது அடக்கி வைத்திருந்த இதயத்துடிப்புக் கோளாறு திரும்பினால் உயிருக்கே ஆபத்து. இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் குறைக்காதீர்கள். இருமல் எவ்வளவு இருந்தாலும் சரி.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நுரையீரல் டாக்டரிடம் போகும்போது ஃபைலோடு மாத்திரைப் பட்டையையும் எடுத்துப் போய் மேஜையில் வையுங்கள். இறகுத் தலையணை, மெத்தை இருந்தால் அதையும் சொல்லுங்கள், வீட்டில் பறவை இல்லாமலே பறவை வேலையை அது செய்யும். ஸ்டீராய்டு தரலாம். ஆனால் இந்த மாத்திரையை நிறுத்தாமல் ஸ்டீராய்டு தொடங்கினால் இருமல் அடங்கும், காரணம் அப்படியே உள்ளே இருக்கும். நிறுத்திய பிறகு சில வாரங்களில் மூச்சு இலேசாக ஆரம்பிக்கலாம். தழும்பு விழுந்துவிட்ட இடம் மட்டும் பழையபடி ஆகாது, அது எவ்வளவு என்று சில மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில்தான் தெரியும்.