புதிய சித்திரக்காரர்களைத் தேடுபவருக்கு

இன்ஸ்டாகிராமில் ஒரே மாதிரிப் படங்களே வருகின்றன, இன்றைய சித்திரக்காரர்களை எங்கே தேடுவது, பிடித்ததைப் பகிர்ந்தால் தப்பாகுமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவன்தான். இந்தக் கேள்வியைப் பார்த்ததுமே உற்சாகமாகிவிட்டது.

முதலில் அச்சுப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ கிடைத்தால் விடாதீர்கள். மத்தியப் பிரதேசத்து கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் லண்டன் போய்வந்து வரைந்தது. பிக் பென் கடிகாரமும் சேவலும் ஒரே உருவமாக நிற்கும். இரண்டுமே நேரம் சொல்பவை அல்லவா! நம்பி ஏறிய பேருந்தை நாயாக வரைந்திருப்பார். அவரும் வேறு இரு கோண்டு ஓவியர்களும் வரைந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கையால் செய்த கறுப்புத் தாளில் சில்க் ஸ்கிரீன் அச்சு, அதாவது வலைத்துணி வழியாக மையை அழுத்தி அச்சிட்டது. மை மேலே படிந்திருப்பது விரலுக்கே தெரியும். எந்தத் திரையிலும் அது கிடைக்காது.

அப்புறம், இத்தாலியின் போலோக்னா குழந்தைகள் புத்தகக் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் தேர்வாகும் சித்திரக்காரர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற குழந்தைக் கதை இணையதளத்தில் தமிழ்க் கதைகளும் உண்டு, வரைந்தவர் பெயரும் இருக்கும்.

பகிர்வதா? தாராளமாக. ஓவியர் பெயரும் அவர் பக்கத்து இணைப்பும் கட்டாயம், கையெழுத்தை வெட்டாதீர்கள், புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். “சூப்பர்” என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கோடு பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். வரைந்தவர் அதைத்தான் ஆசையாகப் படிப்பார்.