சட்டம் ரத்தாவதற்குள் உங்கள் மூன்று மாதம் போய்விடும்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். விவாகரத்தின்போது, ஏழு வயது மகளை மாதம் இரண்டு வார இறுதிகளில் நான் பார்க்கலாம் என்று இங்குள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு என் சம்மதத்தோடுதான் அம்மா அவளை ஸ்பெயினுக்கு அழைத்துப்போனார். இரண்டு மாதமாகிறது, ஒரே ஒரு முறைதான் போய்ப் பார்க்க முடிந்தது. இந்தக் குளறுபடியான சர்வதேசச் சட்டங்களை ரத்து செய்யக் கோரும் மனுவில் சேர்ந்துவிட்டு, முடிவு வரும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: மனுவில் கையெழுத்துப் போடுங்கள், தப்பே இல்லை. பொறுத்திருக்க மட்டும் வேண்டாம்.

உங்கள் கோபம் நியாயமானதுதான். 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கடத்தப்பட்ட குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்கு விரிவான விதிகள் வைத்திருக்கிறார்கள், பார்க்கும் உரிமைக்கு என்று இருப்பதோ 21-ஆம் பிரிவு ஒன்றுதான். அதுவும் மத்திய அதிகார அமைப்பிடம் (இதற்கென்று ஒவ்வொரு நாடும் நியமித்திருக்கும் அலுவலகம்) விண்ணப்பிக்கலாம், அவர்கள் உதவுவார்கள் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்திருக்கும் ஓர் உடன்படிக்கையை எந்த நாடாளுமன்றமும் தனியாக ரத்து செய்துவிட முடியாது, தன் நாடு அதிலிருந்து விலகுவதாக அறிவிக்கலாம், அவ்வளவுதான். விலகினால் இருக்கிற பிடிமானமும் போகும்.

நிஜமாகவே ரத்தான சட்டமும் ஒன்று உண்டு, உங்களுக்குப் பொருந்துவதும் அந்த வரிசையில் வந்ததுதான். விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு வழக்குகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை எடுத்துவிட்டு, வழக்கறிஞர்கள் 'பிரசல்ஸ் இரண்டு பி' என்று சொல்லும் புதியதைக் கொண்டுவந்தார்கள். முன்மொழிவு வந்தது 2016-இல், நிறைவேறியது 2019-இல், நடைமுறைக்கு வந்தது 2022 ஆகஸ்ட் 1-இல். ஆறு வருடம்! அதற்குள் உங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயதாகிவிடும். அந்தத் தேதிக்கு முன் தொடங்கிய வழக்குகள் இன்னும் பழைய விதிப்படிதான் நடக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்தப் புதிய விதிப்படி, குழந்தை முறைப்படி வேறு உறுப்பு நாட்டுக்குக் குடிபோனாலும், முன்பு கொடுத்த சந்திப்பு உத்தரவை மாற்றும் அதிகாரம் பழைய நாட்டு நீதிமன்றத்துக்கு மூன்று மாதம் வரை உண்டு, உரிமை பெற்றவர் அங்கேயே தொடர்ந்து வசித்தால். நீங்கள் வசிக்கிறீர்கள், இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது, அதற்குள் உத்தரவை மாற்றக் கேட்டு ஜெர்மனி நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். இதற்கிடையில் ஸ்பெயின் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தால், அதன் அதிகாரத்தை ஆட்சேபிக்காமல் வழக்கில் கலந்துகொள்ளாதீர்கள், இந்தச் சலுகை அதோடு போய்விடும். கெடு தாண்டிவிட்டால் பொதுவாக ஸ்பெயினில்தான் வழக்காட வேண்டியிருக்கும்.

அந்த நீதிமன்ற மனுவில் என்ன கேட்பது? வார இறுதிகளை விட்டுவிட்டு, பள்ளி விடுமுறைகளில் நீண்ட நாட்களைக் கேளுங்கள். வீடியோ அழைப்பு, பயணச் செலவு யாருடையது, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு ஒப்படைப்பது, எல்லாம் உத்தரவிலேயே வரட்டும். 'இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்' என்ற வரியைப் போல அடுத்த சண்டைக்கு வழிவிடும் வரி வேறு இல்லை.

அப்புறம், மகள் தன் விருப்பத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்ததும் பதிவாக வேண்டும். உத்தரவோடு நீதிமன்றம் தரும் சான்றிதழுக்கு அது தேவை. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் ஸ்பெயினில் தனியாக அங்கீகார வழக்குப் போடாமல் நேரடியாக அமல்படுத்தக் கேட்கலாம். குடும்ப வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள், மகள் கிளம்பிய தேதிக்கான ஆதாரத்தையும் கொண்டுபோங்கள்.