அணைந்த விளக்கும் அணையாத விளக்கும்

கேள்வி: 'பொன்னியின் செல்வ'னில் கடம்பூர் மாளிகைக் கட்டம். விளக்கு அணைகிறது, ஆதித்த கரிகாலன் பிணமாகிறான். ஆத்திரத்தில் புத்தகத்தையே எறிந்துவிட்டேன். கொன்றவன் யாரென்று சொல்லாமல் விளக்கை அணைப்பது வாசகனை ஏமாற்றுவதல்லவா?

பதில்: முதலில் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டுங்கள். விளக்கு என்றீர்கள். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடுகள் விடுவார்கள். நாள்தோறும் உழக்கு என்னும் சிறு அளவு நெய். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு கிழடாகும், சாகும். கணக்கில் 96 குறையக் கூடாது. குட்டிகளை வளர்த்து மந்தையை ஈடுகட்டுவது அதை ஏற்ற இடையரின் பொறுப்பு. எவ்வளவு அழகான ஏற்பாடு!

நெய்க்கு உழக்குக் கணக்கு எழுதியவர்கள் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் சாவுக்கு என்ன எழுதினார்கள்? விண்ணுலகைக் காணும் ஆசையால் போனான் என்கிறது சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேடு. அவ்வளவுதான்.

பெயர்கள் கிடைப்பது காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டில். அதுவும் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கொலைக்குப் பின் பட்டத்துக்கு வந்த உத்தம சோழன் ஆட்சி முடிந்த பிறகு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது. அதைக் கொலை வழக்கின் தீர்ப்பாகப் படிக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை சொல்வது! அது நிலம் பற்றிய ஆவணம். துரோகிகளின் பிள்ளைகள், பேரப்பன்மார், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமன்மார், உடன்பிறந்தாளை மணந்தவர்கள் வரை யார் யார் சொத்து பறிபோகும் என்று உறவுமுறை பிசகாமல் அடுக்குகிறது. கொலை நடந்த ஊர், ஆயுதம், காரணம் எதுவும் அதில் இல்லை. அந்த இடைவெளியை வைத்துத்தான் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். என் கட்சி பண்டாரத்தார் கட்சி. உத்தமன் குற்றவாளி என்றால், அவன் மகனை ராஜராஜன் தன் ஆட்சியில் அதிகாரியாக வைத்திருப்பானா?

கல்கிக்கு ரவிதாசன் பெயர் கையில் இருந்தது. அவனையே கொலைகாரனாக்கி ஒரே அத்தியாயத்தில் கதையை முடித்திருக்கலாம். அவனைச் சதிகாரனாக உலவவிட்டு, கொலை நடந்த அறையை மட்டும் இருட்டாக்கினார். கொலை கடம்பூரில் நடந்தது என்பது அவர் கற்பனை. இருட்டு அவர் கற்பனை அல்ல. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன் பெயரை அடுத்து எழுத்துகள் சிதைந்துபோயிருக்கின்றன.