சிந்தசைசர் ஒலிகளுக்குக் கம்ப்ரெஷன் போட வேண்டுமா?

கேள்வி இதுதான்: வீட்டில் கணினியில் பாட்டு செய்கிறேன். பேட் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி), பாஸ், லீட் (மெட்டை வாசிக்கும் ஒலி) எல்லாமே மென்பொருள் சிந்தசைசர். ஒவ்வொரு டிராக்கிலும் கம்ப்ரெசர் போடச் சொல்லித் தருகிறார்கள். போட்டால் சவுண்டு உயிரில்லாமல் போகிறது. சிந்துக்குக் கம்ப்ரெஷன் தேவையா, இல்லையா?

கம்ப்ரெசர் என்பது ஒரு அளவைத் தாண்டிய சத்தத்தை அமுக்கி, ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி. பெரும்பாலான சிந்த் ஒலிகளுக்கு அது தேவையில்லை. சத்தம் ஏறி இறங்கித் தொல்லை கொடுத்தால், அது எங்கிருந்து வருகிறது என்று சிந்துக்குள்ளேயே தேடிச் சரிசெய்யுங்கள். ஒலியின் வடிவத்தை மாற்ற வேண்டும், அல்லது இன்னொரு வாத்தியத்துக்கு இடம் விட வேண்டும் என்றால் கம்ப்ரெசரை எடுங்கள். நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் கோயில் பாட்டுகள், உறுமி மேளக் குழுக்களின் பாட்டுகள், இளம் ராப் பாடகர்களின் பாட்டுகள் ஆகியவற்றை மிக்ஸ் செய்வதுதான் என் தொழில். இந்தப் பாட்டுகள் எல்லாவற்றிலும் சிந்த் இருக்கிறது. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

குரலுக்குக் கம்ப்ரெசர் ஏன் தேவைப்படுகிறது? பாடுபவர் மைக்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் விலகினாலே ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்துவிடும். ஒரு சொல்லை அழுத்துவார், அடுத்ததை விழுங்குவார். சிந்தில் ஒலி அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் அப்படி எதுவும் செய்யாது. அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று நீங்கள் வைத்த அளவில்தான் சத்தம் எழும், நிற்கும், அடங்கும். கணக்காகவே பாருங்கள். திரெஷோல்டு (அமுக்கத் தொடங்கும் அளவு) −18 டெசிபல், ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4:1. உள்ளே −10இல் ஒலி வந்தால் 8 டெசிபல் மேலே இருக்கிறது, அது 2 ஆகச் சுருங்கி −16இல் வெளியே போகும். உங்கள் பேட் முழுக்க −10இலேயே நிற்கிறது என்றால் முழுக்க 6 டெசிபல் இறங்கும். பிறகு மேக்கப் கெயினில் அதே 6ஐ ஏற்றிவிடுவீர்கள். ஒலி பழைய இடத்துக்கே வந்துவிடும். மாறியிருப்பது அந்த பேட் மெல்ல எழுந்து வரும் தொடக்கமும் ஃபில்டரின் அசைவும் மட்டும்தான். நீங்கள் உயிர் போகிறது என்று சொல்வது அதைத்தான். உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது.

ஏற்ற இறக்கம் உண்மையிலேயே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெலாசிட்டி, அதாவது கீபோர்டு விசையை அழுத்திய வேகம். தோட்டத்திலிருந்து ஒரு கீபோர்டு பையன் அம்மன் பாட்டு ஒன்றைக் கொண்டு வந்தான். “அண்ணே, இந்த ஸ்ட்ரிங்ஸ் ஒரு எடத்துல எகிறுது, ஒரு எடத்துல காணாமப் போவுது. ரேஷியோ எவ்வளவு வைக்கட்டும்?” என்றான். வாசித்த விசைகளின் பதிவான மிடியைத் திறந்தால் ஒரு நோட்டின் வெலாசிட்டி 38, பக்கத்து நோட்டுக்கு 117. பேட்சில் (சிந்தில் சேமித்த ஒலி அமைப்பில்) வெலாசிட்டி நேராக வால்யூமைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பைக் கால்வாசிக்குக் குறைத்ததும் ஸ்ட்ரிங்ஸ் ஒரே சீராக உட்கார்ந்துவிட்டது. கம்ப்ரெசர் பட்டியலையே நாங்கள் திறக்கவில்லை. மென்பொருள் சிந்தில் இது ஒரு குமிழ் வேலை. வாசித்த ஆடியோவாக மட்டும் கைக்கு வந்திருந்தால் வேறு வழியில்லை, கம்ப்ரெசர்தான்.

அடுத்தது கார்டு, பல நோட்டைச் சேர்த்து அழுத்துவது. ஒரு நோட்டிலிருந்து நான்கு நோட்டுக்குப் போனால் சராசரிச் சத்தம் 6 டெசிபல் அளவுக்கு ஏறும். நோட்டைக் குறைத்துப் பாருங்கள், அல்லது அந்த இடத்தில் வால்யூம் ஆட்டோமேஷன் எழுதுங்கள். ரெசொனன்ஸ் (கட்ஆஃப் அருகே ஒலியைத் தூக்கும் குமிழ்) அதிகமாக வைத்து ஃபில்டரை நகர்த்தினால், ஃபில்டர் வெட்டும் இடமான கட்ஆஃப் ஒவ்வொரு ஹார்மோனிக்கைத் (நோட்டின் மேலதிர்வைத்) தாண்டும்போதும் ஒரு துள்ளல் வரும். அதற்கு ரெசொனன்ஸைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

பாஸ்தான் எல்லோரையும் அலைக்கழிப்பது, அதனால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். இரண்டு ஆஸிலேட்டரை டிட்யூன் செய்து, அதாவது சுருதியைச் சற்றே விலக்கி, கனமான பாஸ் செய்கிறோம். ஒன்று 110 ஹெர்ட்ஸ், மற்றது 110.5 என்றால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை அவை சேரும், பிரியும். சேரும்போது ஒற்றை ஆஸிலேட்டரைவிட 6 டெசிபல் அதிகம். எதிரெதிராக நிற்கும்போது அடிப்படை அதிர்வு கிட்டத்தட்ட அறுந்தே போகும். ஆஸிலேட்டர் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும் பேட்ச் என்றால், எந்த நோட் எந்தக் கட்டத்தில் பிடிபடும் என்று சொல்லவே முடியாது. ஒரு நோட் நெஞ்சில் இடிக்கும், அடுத்தது வெறும் கூடு. இதற்குக் கம்ப்ரெசர் மருந்து கிடையாது. ஓங்கிய நோட்டை அது அமுக்கும், ஆனால் அறுந்துபோன அடிப்படையைத் திரும்பக் கொண்டுவர அதனால் முடியாது. பாஸின் அடிப்பகுதியை ஒரே ஒரு ஆஸிலேட்டரிடம் கொடுங்கள், நோட் அழுத்தும்போதெல்லாம் ஃபேஸ் (அலையின் கட்டம்) முதலிலிருந்து தொடங்கும்படி ரீட்ரிகர் வையுங்கள். டிட்யூன் அழகு எல்லாம் அதற்கு மேலே, கீழ்ப்பகுதியை வெட்டிய இன்னொரு லேயரில் இருக்கட்டும்.

அப்படியும் பாஸுக்குக் கம்ப்ரெசர் போடுவதானால் அதன் ரிலீஸைப் பாருங்கள். கம்ப்ரெசரில் அட்டாக் என்பது அமுக்கிப் பிடிக்க எடுக்கும் நேரம், ரிலீஸ் என்பது விட எடுக்கும் நேரம். 50 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. அட்டாக்கும் ரிலீஸும் அதைவிட வேகமாக இருந்தால் கம்ப்ரெசர் அலையின் ஒவ்வொரு வளைவையும் துரத்தும், சவுண்டு கரகரக்கும். அட்டாக் 20 முதல் 30 மில்லி விநாடி, ரிலீஸ் 100க்கு மேல் என்று தொடங்கலாம்.

சரி, நான் விரும்பிப் போடும் இடங்கள் எவை? முதலாவது, எஃப்எம் (ஒரு அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டும் சிந்த் முறை) எலெக்ட்ரிக் பியானோ. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ் 7 காலத்திலிருந்தே இந்த வகை ஒலியில் வெலாசிட்டி சத்தத்தோடு சேர்த்துப் பளபளப்பையும் கூட்டும். மிடியில் வெலாசிட்டியைச் சமப்படுத்தினால் அந்தப் பளபளப்பு வித்தியாசமும் அழிந்துவிடும். கம்ப்ரெசர் சத்தத்தை மட்டும் சமன் செய்யும். அழுத்தி வாசித்த நோட் பளிச்சென்றே இருக்கும், ஆனால் எகிறாது. வாசித்தவரின் விரல் அப்படியே கேட்கும். இங்கே 3:1இல் 4 டெசிபல் வரை குறைப்பேன்.

இன்னொன்று பிளக் (தந்தியைச் சுண்டியதுபோன்ற ஒலி), ஆர்ப்பெஜியோ (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது). அட்டாக்கை 30 மில்லி விநாடி வைத்தால் முன்முனை தப்பித்து வெளியே வரும், பின்னால் வரும் உடல் அடங்கும். தட்டு கூர்மையாகும். இதற்குப் பலரும் 1176 என்ற பழைய கம்ப்ரெசரைப் பின்பற்றிய பிளகினை எடுக்கிறார்கள். 1967இல் வந்த அந்தக் கருவியின் ஆக மெதுவான அட்டாக்கே 0.8 மில்லி விநாடிதான். அதுவும் குமிழ் தலைகீழ்: 7 என்பது ஆக வேகம், 1 என்பது ஆக மெதுவானது. பிளக்கின் முனையை அது கடித்துவிடும். லீட் ஒலியை முன்னால் இழுத்து நிறுத்த அது அருமை. பிளக்குக்கு வேறு எடுங்கள்.

எங்கள் ஊர்ப் பாட்டுகளில் கம்ப்ரெசர் உண்மையாக உழைப்பது சைட்செயினில், அதாவது ஒரு வாத்தியத்தின் சத்தத்தை வைத்து இன்னொன்றை அமுக்கும்போது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுமுகத்தை அடிப்பார்கள். தேய்க்கும் முகத்தின் உறுமல் கீழே வழுக்கிக்கொண்டு போகும். சிந்த் பாஸும் அதே இடத்தில் படுத்திருந்தால் உறுமி இருந்தும் இல்லாதது மாதிரிதான். உறுமி குழுவின் பாட்டில் உறுமி கேட்காவிட்டால் அந்தப் பாட்டு எதற்கு? அதனால் பாஸிலும் பேடிலும் கம்ப்ரெசர் போட்டு, அதன் சைட்செயினுக்கு உறுமியைக் கொடுக்கிறேன். இரண்டு முகத்துக்கும் தனித்தனி மைக் வைத்திருந்தால் அடிக்கும் முகத்தின் மைக்கையே கொடுங்கள். தேய்க்கும் முகத்தைக் கொடுத்தால் நீண்ட உறுமல் கம்ப்ரெசரைப் பிடித்த பிடியில் வைத்திருக்கும், பாஸ் எழவே எழாது. தேய்ப்புக்கும் அடிக்கும் நடுவே ஒரே மைக் வைத்து எடுத்த பதிவு என்றால், சைட்செயின் ஃபில்டரில் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுங்கள், குச்சியின் சத்தம் மட்டும் கம்ப்ரெசரைத் தட்டும். வேகம் நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு அடி 500 மில்லி விநாடி, அரை அடி 250. அடுத்த அடி விழுவதற்குள் பாஸ் திரும்பி வந்துவிட வேண்டும், ஆகவே ரிலீஸ் 150இலிருந்து 200 மில்லி விநாடி. குறைப்பு 3, 4 டெசிபல் போதும். கிளப் பாட்டில் கேட்கும் பெரிய மூச்சு வாங்கும் சத்தம் பக்திப் பாட்டில் எனக்குப் பிடிக்காது.

பாட்டு கடைசியில் எங்கே ஒலிக்கப் போகிறது என்பதையும் யோசியுங்கள். தோட்டத்துக் கோயில்களில் இன்னமும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவது மிகச் சொற்பம். 60 ஹெர்ட்ஸ் பாஸை எவ்வளவு கம்ப்ரெஸ் செய்தாலும் திருவிழாவில் அது காதில் விழாது. அதற்கு வழி சாச்சுரேஷன், ஒலியைச் சற்றே சிதைப்பது. அது 120, 180, 240, 300, 360 என்று மேலே ஹார்மோனிக்குகளை உண்டாக்கும், மேலே உள்ளவை குழாயில் வரும். அவற்றைக் கேட்டதும், இல்லாத அடிப்படையைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

ஒப்பிடும்போது கம்ப்ரெசருக்கு முன்னும் பின்னும் சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு டெசிபல் கூடினாலே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஆட்டோ கெயினை அணைத்துவிட்டு நீங்களே சமப்படுத்துங்கள். அப்புறம், உங்கள் பேடில் ரிவர்ப் (அறை முழக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள். தயார் பேட்சுகளில் பெரும்பாலும் இருக்கும். அதன் மேல் கம்ப்ரெசர் போட்டால் ரிவர்பின் வால் நோட்டுக்கு நோட் மேலே ஏறி வந்து எல்லாம் குழம்பிவிடும். சிந்துக்குள் ரிவர்பை அணைத்துவிட்டு, கம்ப்ரெசருக்குப் பிறகு சென்டில் (ஒலியின் ஒரு பங்கை வேறு டிராக்குக்கு அனுப்பும் வழியில்) தனியாகப் போடுங்கள். அணைத்த பிறகு கம்ப்ரெசர் இல்லாமலே ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பேடுக்கு அநேகமாக அது தேவைப்படாது.