19 லட்சம் கொடுத்துச் சேர்க்கலாமா, கவுன்சிலிங் சீட் போதுமா?

கேள்வி: மகளின் இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 171. எங்கள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. கவுன்சிலிங்கில் பக்கத்து ஊரில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கும் போலிருக்கிறது, பேருந்திலேயே போய்வரலாம். அவளோ சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிறாள். விடுதியோடு நான்கு ஆண்டுக்கு 19 லட்சம் ஆகும். கையில் 7 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா? இந்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று கணக்குப் போட்டே சொல்கிறேன்.

12 லட்சம் கடன், ஆண்டுக்கு 3 லட்சமாக வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்து ஆண்டில் தனி வட்டியே 4.2 லட்சம் சேர்ந்து, கடன் 16.2 லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 21,400 ரூபாய் தவணை. பெரிய ஐடி நிறுவனங்கள் மொத்தமாக ஆள் எடுக்கும்போது கொடுக்கும் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் அளவில்தான். கைக்கு மாதம் 25,000 வந்தால், 22 வயதுப் பெண் சென்னையில் மீதி 3,600 ரூபாயில் எப்படி இருப்பாள்?

"அங்கே படித்தால் பெரிய சம்பளம் கிடைக்குமே" என்று மகள் கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் விளம்பரப் பலகையில் இருக்கும் 40 லட்சம், 50 லட்சம் பேக்கேஜ் ஒருவருக்கோ இருவருக்கோ கிடைத்தது. நீங்கள் பார்க்க வேண்டியது மீடியன் சம்பளம். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது அது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மீடியன் சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிடிஎஃப் என்.ஐ.ஆர்.எஃப். தளத்திலும் கல்லூரியின் தளத்திலும் கிடைக்கும். இரண்டு கல்லூரிக்கும் எடுத்து, மகளையும் உட்காரவைத்துப் பாருங்கள். சென்னையில் மீடியன் 6 லட்சம், உங்கள் ஊர்ப்பக்கம் 4 லட்சம் என்று இருந்தால்கூட வித்தியாசம் ஆண்டுக்கு 2 லட்சம். தவணையோ ஆண்டுக்கு 2.57 லட்சம்.

கவுன்சிலிங் பக்கம் பாருங்கள். சுயநிதிக் கல்லூரிகளுக்கு 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த கல்விக் கட்டணம், அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கல்லூரியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பேருந்து, தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் 7 லட்சத்துக்குள் முடிந்துவிடும். அதோடு, முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாக வருபவர்களுக்கு மட்டும்தான். அந்தச் சான்றிதழை வாங்கிவிட்டீர்களா?

இசிஇ படித்தால் ஐடி வேலை கிடைக்காது என்ற பயமும் வேண்டாம். வளாக நேர்காணலுக்கு வரும் பெரும்பாலான ஐடி நிறுவனங்கள் இசிஇ மாணவர்களையும் எடுக்கின்றன. இப்போதிருந்தே அவள் புரோகிராமிங் பழகினால் போதும்.

ஒரே ஒரு நிலையில் என் பதில் மாறும். அந்தப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்குக் கல்விக் கட்டணத்தில் பாதிக்கு மேல் குறைத்தால், கணக்கைத் திரும்பப் போடலாம். அப்போதும் அந்தச் சலுகை நான்கு ஆண்டும் தொடர எவ்வளவு சிஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டுப் பத்திரத்தை மட்டும் தொடாதீர்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. அதற்கு மேல் போகும்போதுதான் பத்திரம் கேட்கிறார்கள்.

அப்புறம் அந்த அட்வான்ஸ். கவுன்சிலிங் முடியும்வரை பொறுங்கள். மீறிக் கட்டியே ஆக வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி, எவ்வளவு கிடைக்கும் என்பது விலகும் தேதியைப் பொறுத்தது. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.